தூண்டிலில் தொங்கிய கறுப்புக் குண்டு

காய்ந்த மணலை இரும்புச் சட்டியில் போட்டு விடாமல் வறுப்பதுபோல் ஓர் இரைச்சல். கடியப்பட்டணத்தில் எங்கள் அடுக்களை வாசலில் இருந்த "வயர்லெஸ்" செட்டின் அந்தக் கரகரப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அப்பா கடலிலிருந்து பேசுவதை அம்மா அதில்தான் கேட்பாள். கேட்டு முடித்ததும், "சத்தம் கேட்டா போதும், மீனு கெடச்சா என்ன, கெடைக்காட்டி என்ன" என்றபடி உலையைப் பார்க்க எழுந்து போவாள்.

செட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரின் வயரில், எலியை விழுங்கிய பாம்புபோல ஒரு புடைப்பு உண்டு. உள்ளே இருந்தது நடுவில் துளையுள்ள, கனத்த கறுப்புக் குண்டு. தூண்டில் போடுகிறவன் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? தூண்டிலை நீருக்குள் இறக்கும் ஈயக்கட்டி தீர்ந்துபோன ஒரு காலையில், அம்மாவின் தம்பி சேவியர் மாமா வயரை வெட்டிக் குண்டை உருவிக்கொண்டு, வெட்டிய இடத்தை முறுக்கி டேப் சுற்றி வைத்துவிட்டார். "சும்மா கெடந்து தூங்குத சாமானம்தானே அக்கா" என்றார்.

அன்று பிற்பகல் காற்று மாறியது. கரைக்குத் திரும்பிய படகுகளில் அப்பாவின் படகு இல்லை. செட்டைப் போட்டால் ஒரே கரகரப்பு. அதற்கடியில் யாரோ பேசுவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மாமா கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்பினார்.

"இப்பம் கேக்குதா அக்கா?"

"ஒனக்க வாய் மட்டும்தான் கேக்குது. எறங்குலே கீழ!"

வயரைத் தடவிக்கொண்டே போன அம்மாவின் விரல், டேப் சுற்றிய இடத்தில் நின்றது. "நேத்து நல்லா கேட்டுது. இன்னைக்கு மாறினது இது ஒண்ணுதான். அந்தக் குண்ட கொண்டா."

"அது வெறும் கனம் அக்கா..."

"கொண்டாலே!"

ஆணியில் ஈரத்தோடு தொங்கிய தூண்டிலிலிருந்து குண்டை அறுத்தெடுத்து, வயரில் கோத்து, மாமா மறுபடி முறுக்கினார். இரைச்சல் முழுக்கப் போகவில்லை. அப்பாவின் குரல் தெரியுமளவுக்கு இறங்கியது. "மோட்டரு நின்னுபோச்சு... அண்ணனுக்க வள்ளம் கெட்டி இழுத்துட்டு வருது... ஏட்டி, கேக்குதா?" எவ்வளவு நேரமாக அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. அம்மா பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினாள்.

பின்னாளில் பழைய சார்ஜர்களைக் கழற்றிக் கழற்றி நானாகத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்தக் குண்டின் பெயர் ஃபெரைட். இரும்புத் துருவோடு வேறு உலோகத் தூளும் கலந்து சுட்ட ஒருவகைப் பீங்கான். செட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை அது தடுக்காது. அடாப்டருக்குள் பிறந்து, வயரையே ஏரியலாக்கிக்கொண்டு வெளியே பரவி, செட்டில் இரைச்சலாக விழப் பார்க்கும் அதிவேகத் துடிப்பை மட்டும் மறித்து, துளி வெப்பமாக்கி விழுங்கிவிடும். தூங்குகிற சாமானம் அல்ல அது.

இன்று அந்தச் செட்டும் இல்லை, மாமாவும் இல்லை. என் தம்பி கடலுக்குப் போகிறான். என் போனில் காலை வணக்கங்களும் கல்யாணப் படங்களும் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றாகத் தள்ளி, அவன் பேசி அனுப்பும் குரலைத் தேடுவதற்குள் விரல் சோர்ந்துவிடுகிறது. காது போய்விட்ட அம்மா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள்.

"கேக்குதா மக்கா?"

இன்னும் இல்லை என்று கையை ஆட்டுகிறேன்.