ஓம வாசனை

கொரட்டூர் ஸ்டேஷன் அருகே காப்பித்தூள் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் இறந்தபின், அவருடைய பி.எஃப். பணத்தைக் கட்டி எடுத்த கம்பெனிக் கிளை அது. போர்டு அவர்களுடையது, மிஷின் அவர்களுடையது. வறுத்த கொட்டை டின்னில் வரும், கேட்பவர் கண் முன்னால் அரைத்துத் தர வேண்டும். மிஷினில் வேறு எதைப் போட்டாலும் போர்டைக் கழற்றிவிடுவார்கள்.

ஐந்தாவது படித்தவள் நான். நாலு பேர் வந்து நின்றால் எனக்கு வாய் திறக்காது. அதனால் பக்கத்து ஊரான பாடியிலிருந்து ஒருத்தியை வேலைக்கு வைத்தேன். புருஷன் விட்டுப் போனவள், இரண்டு பெண் பிள்ளைகள். கடையை நடத்தியது அவள் பேச்சுதான். ஆறு மணி ரயிலில் இறங்கும் ஆபீஸ்காரர்களிடம், "இன்னா சார், நேத்து காப்பிக்கு வூட்டம்மா சிரிச்சாங்களா, இல்ல சிக்கரிய கொறைக்கணுமா?" என்பாள். நான் பின்னால் நின்று பொட்டலம் கட்டுவேன்.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். எதிர் வீட்டம்மா ஓமம், சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்துத் தூக்கில் கொண்டுவந்தார். மகளுக்குப் பிரசவ மருந்து கிளற வேண்டுமாம். மில்லில் அரைத்தால் மிளகாய் நெடி ஏறுமாம்.

"ஒரு கைப்பிடிதானே. பிள்ளை பெத்தவளுக்கு மாட்டேன்னு சொல்வியா?"

அப்படிக் கேட்டால் எங்கள் பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள். அரைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டி மிஷினைத் துடைத்தேன்.

அவள் வந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாக்கா, மருந்து வாசன வருது?"

சொன்னேன்.

"நா இருந்தா பேசி அனுப்பியிருப்பேன். இன்னிக்கு அரைக்க வாணாம்க்கா. மிஷின் கல்ல கழட்டித் தொடைக்கணும்."

ரயில் வரும் நேரம். அரிசி ஓட்டியாயிற்று, அரை என்றேன்.

"மொதலாளி நீ," என்று ஸ்விட்சைப் போட்டாள்.

இரண்டு நாளில் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். கையில், வாங்கினவர்கள் திருப்பி அனுப்பிய பொட்டலங்கள்.

"யாரு அரைச்சது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் நூல் உருண்டையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க," என்றாள். அது பொய் இல்லை. யார் சொல்லி அரைத்தாள் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

"இந்தம்மாவ நிறுத்திட்டா போர்டு இருக்கும். இல்லன்னா இப்பவே கழட்டச் சொல்றேன். என்னம்மா சொல்றீங்க?"

போர்டு போய்விடும் என்று பயந்தேன். பேச வராதவள் என்ற வெட்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு, நிறுத்திவிடலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். "வரேன்க்கா. கல்ல கழட்டித் தொடச்சிடு. இன்னும் வாசன கீது."

அதற்குப் பிறகும் கடை ஒன்பது வருஷம் ஓடியது. நல்ல கிளை என்று கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தது.

நடுவில் ஒருநாள், தொழிற்பேட்டைக்குப் போகும் எஸ்டேட் பஸ்ஸில் அவளுடைய பெரிய பெண்ணைப் பார்த்தேன். எட்டாவதோடு நிறுத்திவிட்டு, துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறாளாம்.

"அம்மா எப்படி இருக்கு?"

"கீது. உங்க கடயப் பத்தி இன்னும் பேசும்."

அம்மாவைக் கடைக்கு வரச் சொல் என்று நாக்கு வரை வந்தது. அதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

போன மாதம் என் அக்கா மகன் ஒரு பேக்கரிக் கம்பெனியின் கிளை எடுத்தான். கடை நடத்த என்ன வேண்டும் சித்தி என்று கேட்டான். நல்ல இடம், தினம் புதுச் சரக்கு என்றேன். இதைச் சொல்லவில்லை.