சின்ன ஜோடியைத் தூக்கிப் போட முடியாதவர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கிளப்பில் அவரை 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார் என்பதற்காக வைத்த பெயர். வேலையிலும் மனுஷன் அப்படித்தான். லிஃப்ட்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் இழை பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திக் கதவைப் பூட்டிவிடுவார். மேல் மாடிக்காரர்கள் குய்யோ முறையோ என்று கத்துவார்கள். இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாமே என்று கெஞ்சுவார்கள். "கயிறு என்கிட்ட தேதி சொல்லலையே" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் அந்தக் கிளப்பில் சீட்டுப் போடுகிறவன். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், பச்சைத் துணி விரித்த மேஜை, சுற்றி நாற்காலிகள். சனிக்கிழமை மத்தியானம் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பேன். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று என்று திறப்பேன். ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவுதான் கட்டலாம் என்று அளவு உண்டு. இருப்பதை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி வீரம் காட்ட முடியாது. அதனால் எங்கள் மேஜையில் யாரும் ஒரே ஆட்டத்தில் அழிந்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரைவார்கள்.

இந்த ஆட்டத்தில் ஆளைக் கெடுப்பது மோசமான சீட்டு இல்லை, அதை எந்த முட்டாளும் விட்டுவிடுவான். கெடுப்பது சின்ன ஜோடி. இரண்டு மூணு, இரண்டு நாலு என்று கைக்கு வரும்போதே ஜோடியாக வந்திருக்கிறதே என்று மனசு இளகிவிடும். ஆனால் அதே எண்ணில் இன்னொன்று நடுவில் விழுந்தால்தான் அதற்கு உயிர். முதல் மூன்று சீட்டில் அது விழுவது எட்டொன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை. விழவில்லையா, மரியாதையாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எட்டணா மூளை இருந்தால் புரியும் விஷயம். புரிந்தும் செய்யமாட்டார்கள். அத்தான் மட்டும் செய்வார். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. சீட்டைத் தள்ளிவிட்டு டீயை ஒரு வாய் குடிப்பார்.

அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். ஊசி, மருந்து, ஸ்கேன், ஒவ்வொரு முறையும் நம்பிக்கை, ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது. அப்படியும் நாலாவது தடவை போனாள். அதுவும் தங்கவில்லை. "இன்னொரு தரம் பார்க்கலாம், வாய்ப்பு குறைவுதான்" என்று டாக்டரம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், "வேண்டாங்க, போதும்" என்று அத்தான் எழுந்துவிட்டாராம்.

அக்கா இதை என்னிடம் அடுக்களையில் நின்றுகொண்டு சொன்னாள். கையில் கழுவின தட்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நானும் போதும்னுதான்டா சொல்லியிருப்பேன். ஆனா என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. சீட்டைத் தூக்கிப் போடுற மாதிரி போட்டுட்டு வந்துட்டார்."

"உன் உடம்பை நெனச்சுதானேக்கா சொல்லியிருப்பார்?"

"இருக்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு சொட்டுக் கண்ணீர்? குழாய் ஒழுகுதுன்னு ஸ்பேனரை எடுத்துட்டுப் போறார். நான் கட்டில்ல கெடந்து அழறேன், அங்க டங்கு டங்குன்னு தட்டுற சத்தம். அவருக்கு அது ஒண்ணுமே இல்லடா. அப்படிப்பட்ட ஆளோட நான் எதுக்கு இருக்கணும்?"

அவள் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள், அங்கே போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். தனியாகப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒருத்தருக்கு வாய் திறக்கத் தெரியாது, இன்னொருத்திக்கு வாய் திறக்காதவனைப் படிக்கத் தெரியாது. நடுவில் நான் என்ன தபால்காரனா?

ஆனால் அதற்கப்புறம் மேஜையில் நடந்தது எனக்கே பிடிபடவில்லை. அத்தான் சின்ன ஜோடிகளை விடாமல் பிடிக்க ஆரம்பித்தார். முதல் மூன்று சீட்டில் ஒன்றும் விழாது. கட்டுவார். நாலாவதிலும் விழாது, பந்தயம் இரட்டிப்பாகும், அதற்கும் கட்டுவார். கடைசியில் இரண்டு மூணைத் திறந்து காட்டிவிட்டு, பந்தயச் சில்லுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். "பிரேக் தேஞ்சு போச்சுய்யா" என்று எங்களோடு ஆடும் வீட்டுப் புரோக்கர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஜெயிக்கிற ஆசை பிடித்தவன் முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

அக்காவிடம் சொன்னேன். "அவர் பொழுதுபோக்கைப் பத்தி எங்கிட்ட ஏன் சொல்றே?" என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் மும்முரமாக இருக்கும்போது அக்கா படியேறி வந்தாள். அலுவலகத்திலிருந்து நேரே வந்திருந்தாள், தோளில் பை. அத்தானுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் கவனிக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் புரோக்கர் ஆரம்பத்திலேயே ஏற்றிக் கட்டியிருந்தார். எல்லோரும் ஒதுங்க, அத்தான் மட்டும் இருந்தார். நடுவில் ராஜா, ஒன்பது, ஏழு திறந்தேன். புரோக்கர் கட்டினார், அத்தானும் கட்டினார். நாலாவது இன்னொரு ஒன்பது. இருவரும் கட்டினார்கள். கடைசிச் சீட்டு இன்னொரு ராஜா.

அத்தான் தன் சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பின்னால் நின்ற அக்காவும் பார்த்துவிட்டாள். இரண்டு நாலு. கல்யாணமான புதிதில் தீக்குச்சிகளைப் பந்தயம் வைத்து அவர்தான் அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். அதனால் அவளுக்குப் புரிந்தது. நடுவில் கிடப்பதே இரண்டு பெரிய ஜோடி, அது எல்லோருக்கும் சொந்தம். இனி அந்த நாலு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மீதி ஒற்றைச் சீட்டு யாருக்குப் பெரிதோ அவருக்கே ஜெயம். நேற்றுப் பழகினவன்கூடக் கட்டமாட்டான்.

புரோக்கர் கட்டிவிட்டுக் காத்திருந்தார். அத்தான் கை சில்லுக்குப் போனது.

"அதை வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? தூக்கிப் போடுங்க" என்றாள் அக்கா.

பின்னால் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது மேஜைச் சட்டம். "அம்மா, பேசக்கூடாதும்மா" என்று புரோக்கர் எகிறினார். நான் அவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னேன்.

அத்தான் திரும்பவில்லை. குரலை வைத்தே ஆள் யார் என்று தெரிந்திருக்கும்.

"முடியலைம்மா" என்றார். "தெரியுது. ஆனா முடியலை."

கட்டினார். புரோக்கர் ஏஸையும் ராணியையும் திறந்து போட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டார்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட மட்டும் எப்படி முடிஞ்சுது?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா, இன்னொரு தடவைன்னு நானே கேட்டிருப்பேன். நீ செத்துப் போயிடுவேன்னு பயம்." பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிலேர்ந்து எதையுமே விட முடியலை."

புரோக்கர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஊருக்குப் போறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "நீ எப்ப கிளம்பணும்?"

எனக்கு மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா உங்களுக்கு?" என்று அக்காவே கேட்டுவிட்டாள்.

அத்தான் நாற்காலியோடு திரும்பினார். அவ்வளவு பேருக்கு நடுவில், "போகாதே" என்றார்.

ஆனால் அவள் போனாள். கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கோபமும் ஒரே வார்த்தையில் தீருகிற கோபம் இல்லை. அத்தான் அதற்கப்புறம் கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி அவள் இருக்கும் ஊருக்குப் போகிறார். அங்கே என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்டால் பதில் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் அக்காவிடம் கேட்டேன்.

"வந்தார். செருப்பைக்கூடக் கழட்டல. வாசப்படியிலயே உக்காந்து அழுதார்டா" என்றாள். "நான் எதுவும் கேக்கல. நானும் பக்கத்துல உக்காந்தேன்."