பெட்டிக்குள்ள இருக்கிற பொண்ணு

எங்க ஊட்டுக்காரரு என்னைக் காணாமப் பண்ணது ஊருக்கே தெரியும். கும்மிடிப்பூண்டி கம்பெனி ஏரியாவுல ஆயுத பூஜைக்கு எங்க மேடை போட்டாலும் அவரு கறுப்புக் கோட்டு போட்டுக்கினு ஏறுவாரு. என்னைப் பெட்டிக்குள்ள ஏத்தி, கதவ மூடி, திரும்பத் தொறந்து காட்டுவாரு. உள்ள ஆள் இருக்காது. இன்னொரு வாட்டி மூடித் தொறப்பாரு, நான் எறங்கி வருவேன். இரும்புக் கம்பி இழுக்கிற கம்பெனியில அவருக்கு வேலை, லீவு நாள்ல மேஜிக். முப்பது வருஷம் இப்படித்தான் ஓட்டினோம்.

பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவளுக்கே சொன்னதில்ல. முட்டிய மாரோட சேத்துக் கட்டிக்கினு குந்தணும், இருமக் கூடாது, தும்மக் கூடாது. அவ்ளோதான் சொல்லுவேன். கம்பெனிக்கு மெஷின் வந்த மரப்பெட்டிய ஒடச்சி அவரே செஞ்சது. உள்பக்கப் பலகையில இங்கிலீஷ்ல இன்னாவோ அச்சடிச்சி, மேல பாத்த மாதிரி ஒரு அம்பு இருக்கும். விரிசல் வழியா வர்ற வெளிச்சத்துல அந்த அம்பையே பாத்துக்கினு இருப்பேன்.

எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு இருந்துச்சு. உள்ள சரியா குந்திட்டேன்னா நான் ஒரு தட்டு தட்டுவேன், அவரு காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி. அவரு மூணு தட்டு தட்டினாதான் நான் வெளிய வரலாம். தட்டாம வரவே கூடாது, உள்ள தேளு கொட்டினாலும். அப்பால கதவ மூடற நேரத்துல பலகைகிட்ட வாய வச்சி, "பயப்படாதமே, நான் வெளியதான் இருக்கேன்"னு சொல்லுவாரு. கல்யாணம் ஆன புதுசுல இருட்டுக்குப் பயந்து உள்ளயே அழுதுட்டேன். அன்னிக்கி ஆரம்பிச்ச பழக்கம், கடைசி வரைக்கும் விடல.

மேடையில மட்டும் என்னைப் பொண்டாட்டின்னு சொல்ல மாட்டாரு. "இந்தப் பொண்ண நல்லாப் பாத்துக்கோங்க"ன்னுவாரு. ஊட்டுப் பொம்பளைய மேடையில ஆட உடறான்னு மாமியாரு கத்துவாங்களேன்னு பயம். எனக்கு ரோஸ் கலர் ஜிகினாப் பாவாடை. நாத்து நட்டுக்கினு இருந்த காலுக்கு குதி ஒசந்த செருப்பு. நடக்குறதே பேஜாரு, இதுல சிரிக்க வேற சிரிக்கணும்.

பாக்க வர்றதுல பாதி ஹிந்திக்காரப் பசங்க. இவரு தமிழ்ல அளந்துக்கினே இருப்பாரு, அவங்களுக்கு ஒரு எழவும் புரியாது. ஆனா கண்ண எடுக்காமப் பாப்பாங்க. நான் காணாமப் போனா "அரே!"ன்னு வாயப் பொளப்பாங்க. மேஜிக்குக்கு பாஷை வேணாம்னு அவரு பெருமையா சொல்லுவாரு. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்.

கடைசியா ஒரு ஆயுத பூஜை. என்னை ஏத்தினாரு, மூடினாரு, ஒரு தட்டு தட்டினேன். தொறந்து காட்டினாரு, கை தட்டினாங்க, மூடினாரு. மூணு தட்டுக்குக் காத்துக்கினு இருக்கேன், தட்டல. வெளிய கைக்குட்டை வித்தைய ஆரம்பிச்சிட்டாரு. சரி, ஆட்டத்த மாத்தறாரு போலன்னு இருந்தேன். கைக்குட்டை முடிஞ்சி, புறா முடிஞ்சி, நன்றி வணக்கம் சொல்லிட்டு மைக்க குடுத்துட்டாரு. நான் உள்ள. காலு மரத்துப் போச்சு. பொரி பொட்டலம் குடுக்குற சத்தம் கேக்குது, இவரு யாருகூடவோ சிரிச்சிப் பேசற சத்தம் கேக்குது. ரெண்டு ஆளுங்க வந்து பெட்டிய வண்டியில ஏத்தத் தூக்கினாங்க. "இன்னாடா இந்தக் கனம் கனக்குது"ன்னு ஒருத்தன் சொன்னப்பதான் நான் கத்தினேன்.

அன்னிக்கி அவருக்கு நான் உட்ட டோஸு இருக்கே! "யோவ், பொண்டாட்டிய பெட்டிக்குள்ள மறந்துட்டுப் போற ஆம்பள நீ ஒருத்தன்தான்யா"ன்னு ரோட்டுலயே கத்தினேன். அவரு தலைய சொறிஞ்சிக்கினு, "இனிமே மறக்க மாட்டமே"ன்னாரு. அப்பறம் ரெண்டு பேருமே சிரிச்சோம். ஊட்டுக்கு வந்தும் சிரிச்சோம், பக்கத்து ஊட்டுல சொல்லி அவங்களும் சிரிச்சாங்க. அதுதான் சீக்கோட ஆரம்பம்னு ஒருத்தருக்கும் தோணல. அத நெனச்சா இப்ப என் வாயிலயே போட்டுக்கலாம் போல இருக்கு.

அதுக்கப்பறம் ஒண்ணொண்ணா போச்சு. ஷிப்டு நேரம் போச்சு, ஊட்டு வழி போச்சு, தம்பி பேரு போச்சு. போன வருஷம் நானும் போயிட்டேன். ஒரு நாள் காலையில நாஷ்டா வச்சேன். இட்லிய பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "ரொம்ப நன்றிம்மா"ன்னாரு. முப்பது வருஷமா "மே"ன்னு கூப்ட்ட வாயி. "ம்மா"ன்னா வழியில போறவளக் கூப்புடற மாதிரி. அடுப்பாங்கரையில போய் நின்னு அழுதேன்.

பொன்னேரியில பழைய ரைஸ் மில்லு ஒண்ணுக்கு வெள்ளையடிச்சி, ஞாபகம் போனவங்கள பகல்ல பாத்துக்குற எடமா வச்சிருக்காங்க. தினமும் காலையில ரயில் ஏத்தி அவர இட்டுக்கினு போவேன். கவரப்பேட்டை வர்றதுக்குள்ள நாலு தரம் எறங்கப் பாப்பாரு. என்னை யாருன்னு தெரியலன்னாலும் நான் இல்லன்னா அங்க குந்த மாட்டாரு. அதனால நானும் அங்கயே கெடப்பேன். அங்க இருக்கிற நர்ஸம்மா ஒரு நாள், "சும்மா குந்திக்கினு இருக்கியே, உனக்கு இன்னா தெரியும்? பாட்டு கீட்டு வருமா?"ன்னு கேட்டாங்க. மேஜிக் வரும்னேன். அவரு பக்கத்துல நின்னு பாத்துப் பாத்தே எல்லாம் கையில வந்துருந்துச்சு.

மொத நாள் பிளாஸ்டிக் சேருல பன்னெண்டு பேரு குந்தியிருந்தாங்க. ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்துக் காட்டினேன், உள்ளங்கையில மூடினேன், ஊதினேன், விரிச்சேன். பழம் இல்ல. "எங்க போச்சு எலுமிச்சம்பழம்?"னு ராகமா கேட்டேன். முன்னால குந்தியிருந்த பெரியவரு, "ஏது எலுமிச்சம்பழம்?"னாரு. யாரும் அசரல. வெறுங்கைய விரிச்சிக் காட்டுற ஒரு பொம்பளையப் பாத்து எதுக்கு அசரணும்? பாஷை வேணாம்தான், ஆனா அரை நிமிஷம் முன்னால இருந்தது நெனப்புல இருக்கணும் இல்ல? மேடையில ஜனங்கள ஏமாத்தறதுதான் கஷ்டம். இங்க ஏமார்றதுக்கே ஆள் இல்ல.

அதோட உட்டேனா? ரெண்டாவது நாள் புத்திகெட்டுப் போய் ஒரு அம்மா கையில இருந்து பச்சைக் கண்ணாடி வளையல வாங்கி மறைச்சேன். அந்தம்மா கைய தடவிப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சிட்டாங்க. உடனே எடுத்து மாட்டி உட்டேன். "இதோ இருக்கு பாரும்மா, உன் வளையலு." பாத்தாங்க, தடவினாங்க, அழுக நிக்கல. எது போச்சுன்றது மறந்துட்டாங்க, ஏதோ போச்சுன்றது மட்டும் மறக்கல. சோறு வர்ற வரைக்கும் அந்தம்மா கைய புடிச்சிக்கினு குந்தியிருந்தேன். எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அன்னியில இருந்து எதையும் மறைக்கிறதில்ல. வரவைக்கிறது மட்டும்தான். வெறுங்கையில இருந்து செவந்திப்பூ வரும், காதுக்குப் பின்னால இருந்து பிஸ்கட்டு வரும். வந்தத அவங்க கையிலயே குடுத்துடுவேன். அதுக்கு முன்னால இன்னா இருந்துச்சுன்னு நெனப்புல வச்சிக்கத் தேவையில்ல. பூ வந்துச்சு, சந்தோஷம். அடுத்த நிமிஷம் இன்னொரு பூ வந்தா அதுவும் மொதப் பூதான். அந்தப் பெரியவரு ஒரே பிஸ்கட்டுக்கு மூணு தரம் கை தட்டுவாரு. எங்க ஊட்டுக்காரரு மட்டும் சிரிக்க மாட்டாரு. என் கையையே பாத்துக்கினு இருப்பாரு.

ஒரு நாள் மத்தியானம், பூ வித்தை நடுவுல எழுந்து சேருக்கு அடியில குனிஞ்சி தேட ஆரம்பிச்சாரு. அலமாரிக்குப் பின்னால பாத்தாரு. "இன்னாய்யா தேடுற?"ன்னேன்.

"அந்தப் பொண்ணும்மா. பெட்டியில ஏத்திக் காணாமப் பண்ணிட்டேன். திருப்பிக் கொண்டாரத் தெரியல."

"யோவ், அது நான்தான்யா."

என்னை நல்லா பாத்தாரு. அவரு கண்ணுல எரக்கம்தான் இருந்துச்சு. "நீ நல்ல பொம்பளம்மா. ஆனா அது சின்னப் பொண்ணு. ரோஸ் கலர் துணி போட்டிருக்கும்."

அன்னிக்கி சோத்தத் தொடல. அவ எங்க பட்டினியா கெடக்காளோ, நான் எப்படித் துன்றதுன்னாரு. மறுநாளும் தொடல. ஊட்டி உட்டா வாய இறுக்கிக்கினாரு. அதுக்கு மறுநாள் எழுந்து நிக்கவே தள்ளாடினாரு. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேத்து டியூபுதான் போடணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஊரு பேரு போச்சு, பொண்டாட்டி முகம் போச்சு, வளையல் அம்மா மாதிரியே இவருக்கும் தொலைச்ச கவலை மட்டும் போகல. சோறு எறங்கணும்னா அந்தப் பொண்ணு வந்தாகணும்.

சரின்னு மாடியில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்த பெட்டிய இறக்கி, குட்டி யானை வண்டியில ஏத்தி பொன்னேரிக்குக் கொண்டாந்தேன். பாவாடை எந்தக் காலத்துல என் இடுப்புல ஏறும்? ரோஸ் கலர் பொடவை ஒண்ணு தேடிக் கட்டினேன். அவருக்குக் கோட்ட மாட்டி உட்டேன், தொளதொளன்னு தொங்குச்சு. ஆனா பெட்டியப் பாத்ததும் முதுகு நிமிந்துச்சு பாருங்க! பக்கத்துல போய் கதவுக் கீல இழுத்துப் பாத்தாரு. கதவு ஓரத்த வெரலால துடைச்சாரு. என் வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு.

உள்ள ஏறினேன். முட்டி ரெண்டும் உயிர் போற வலி. கதவ மூடினாரு. ஒரு தட்டு தட்டினேன். அவரு கை ஒண்ணையும் மறக்கல. தொறந்து காட்டினாரு, நர்ஸம்மா கை தட்ட எல்லாரும் தட்டினாங்க. திரும்ப மூடினாரு. அப்ப கேட்டுச்சு. டொக், டொக், டொக். எத்தினி வருஷம் கழிச்சி! கடவுளே, வந்துட்டாரு, என் ஆளு வந்துட்டாருன்னு நெனச்சேன். கதவு தொறந்துச்சு. சிரிச்சிக்கினே எறங்கினேன். எப்பவும் போல கைய நீட்டிப் புடிச்சி இறக்கினாரு.

இறக்கிட்டு, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா"ன்னாரு. என்னை ஓரமா நிக்க வச்சிட்டு, குனிஞ்சி பெட்டிக்குள்ள கைய உட்டுத் தடவினாரு. மூலையெல்லாம் தடவினாரு. அப்பறம் ஜனங்களப் பாத்துத் திரும்பி, "அந்தப் பொண்ணு வரல"ன்னு சொல்லி, கைய ரெண்டும் தொங்கப் போட்டுக்கினு அழுதாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! முப்பது வருஷம் இந்தக் குப்பைப் பெட்டிக்குள்ள முட்டியத் தேய்ச்சவ நானு, நேத்து வரைக்கும் உனக்குக் கால் கழுவி உட்டவ நானு, அவ யாருய்யான்னு கத்தணும் போல இருந்துச்சு. என் மேலயே எனக்குப் பொறாமை. ஆனா அந்த அழுகையப் பாத்துக்கினு நிக்க முடியல. வேற ஒண்ணும் தோணாம, விடுவிடுன்னு திரும்ப உள்ள ஏறி, கதவ நானே இழுத்து மூடிக்கினு குந்திட்டேன். ஒரு தட்டு தட்டினேன்.

அழுக நின்னுச்சு.

"இருக்கா"ன்னாரு. "உள்ளதான் இருக்கா. கேட்டீங்களா?" சேர இழுத்துப் பெட்டிகிட்ட போட்டுக்கினு குந்துற சத்தம் கேட்டுச்சு. நர்ஸம்மா தட்ட கொண்டாந்து குடுத்தாங்க. மூணு நாளு கழிச்சி அவரு தயிரு சோறு துன்ற சத்தத்த நான் இருட்டுல குந்திக்கினு கேட்டேன்.

இப்ப பெட்டி அங்கயே இருக்கு. தினமும் மத்தியானம் சோறு வர்ற நேரத்துக்கு நான் உள்ள ஏறிடுவேன். மூணு தட்டு அவரு தட்டறதே இல்ல. வெளிய வந்தா அவ இருக்க மாட்டான்னு எப்படியோ புரிஞ்சிக்கினாரு போல. துன்னு முடிச்சி அவரு கண்ணசந்ததும் நர்ஸம்மா வந்து தொறந்து உடுவாங்க, நான் செவுத்தப் புடிச்சிக்கினு எழுந்திருப்பேன். சாயங்காலம் ரயில்ல என்னைப் பாத்து, "எந்த ஊரும்மா உனக்கு?"ன்னு கேப்பாரு. கும்மிடிப்பூண்டின்னு சொல்லுவேன்.

ஆனா கண்ணசர்றதுக்கு முன்னால, கை கழுவிட்டு வந்து, பலகைகிட்ட வாய வைப்பாரு. தயிரு வாசனை விரிசல் வழியா உள்ள வரும். "பயப்படாதமே, நான் வெளியதான் இருக்கேன்."

அந்த "மே" எனக்கு வேற எங்கியும் கெடைக்கிறதில்ல. பொடவைத் தலைப்ப வாயில அடச்சிக்கினு, ஒரு தட்டு தட்டுவேன்.