பின்சீட்டில் மதியச் சாப்பாடு

காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் அந்த வாசனை வரும். ஹெல்மெட்டுக்குள் நுழைந்து மூக்கருகே நிற்கும் புளியோதரை. காலையில் நான் கிளறி, மதியத்துக்கென்று டப்பாவில் அடைத்தது. பள்ளிக்கூட மணிகூட அடித்திருக்காது.

ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூரில் இருக்கும் பள்ளிக்கு மகளை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு. கனத்த உடம்பு, என் வார்ப்பு. கொஞ்ச நாளாகவே இந்த வாசனை. கண்ணாடியில் பார்த்தால் ஒரு கன்னம் மட்டும் தெரியும், உப்பிக்கொண்டு, அசைந்துகொண்டு.

"என்னடி திங்கிற?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாரும்மா."

ரோட்டைத்தான் பார்த்தேன். பின்னால் லாரி, பக்கத்தில் பஸ், என் முதுகுக்குப் பின்னால் பிடிமானமில்லாமல் ஒரு பிள்ளை, இரண்டு கையும் டப்பாவில். பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைப்பேன். பள்ளம் வராவிட்டாலும் குறைப்பேன்.

அன்றைக்குப் பாலத்தின் நடுவில் முதுகில் ஏதோ இடித்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி இடித்தது. சத்தமில்லை, இருமல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை.

வண்டியை எப்படி ஓரங்கட்டினேன், தெரியாது. அவளைக் குனியவைத்து முதுகில் அடித்தேன். பெற்ற பிள்ளையை அப்படி அடிக்க முடியும் என்று அதுவரை தெரியாது. பிறகு ஒரு கவளம், வேர்க்கடலையோடு, நடைபாதையில் விழுந்தது. மூச்சு கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளி வேன் எங்களைத் தாண்டிப் போனது.

அவள் கேட்ட முதல் கேள்வி: "வேன்ல யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"மூச்சே நின்னுபோச்சுடி உனக்கு!"

"எங்க க்ளாஸ் பொண்ணுங்க அதுலதான் வருவாளுங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மத்தியானம் டப்பாவத் தெறந்தா போதும், 'கோயில் யானைக்குக் கவளம் வந்துருச்சுடி'ன்னு சுத்தி உக்காந்துக்குறாளுங்க. அதான் வண்டியிலயே முடிச்சிடுறேன். அங்க போயி டயட்டுன்னு சொன்னா விட்டுடுறாளுங்க."

"பசிக்காதா?"

"பசிக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் வந்ததும், யூனிஃபார்ம்கூட மாற்றாமல், அடுக்களையில் நின்றபடியே அவள் எதையெல்லாம் அள்ளித் தின்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

டப்பாவில் பாதி மிச்சமிருந்தது. மூடி எடுத்துக்கொண்டுபோ என்று சொல்ல வாய் வரவில்லை. மதியம் திறக்கமாட்டாள். கொட்டிவிடுவாள், இல்லையென்றால் பாத்ரூமில் நின்று விழுங்குவாள். அங்கே முதுகில் அடிக்க யார் இருப்பார்கள்?

"இங்கயே நின்னு மெதுவா சாப்புடு. லேட்டானா நான் பேசிக்கிறேன்."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"நான் மறைச்சுக்குறேன்."

ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரோட்டுக்கும் அவளுக்கும் நடுவே நின்றேன். மறைப்பது சரியா, தெரியவில்லை. மென்று தின்றால் போதும் என்றிருந்தது. தூரத்தில் இன்னொரு மஞ்சள் வேன். அதன் சத்தம் கேட்டதும் பின்னால் மெல்லும் சத்தம் நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வேன் தாண்டிப்போகும்வரை நானும் மூச்சு விடவில்லை.