ஏலமலைக்குக் கொண்டுபோன புத்தகங்கள்

தோட்டத்து ஜனங்களுக்கு எழுத்துக் கற்பிக்கப் போகிறவர்கள் எந்தப் புத்தகம் கொண்டுபோவது என்று சிநேகிதர்கள் சிலர் கேட்கிறார்கள். சென்ற தை மாதம் நான் போய்வந்ததைச் சொன்னால் அவர்களுக்கு உபயோகப்படும்.

கல்பாத்தியில் எங்கள் அடுத்த வீட்டுச் சேஷன், ஏலமலைமேல் சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் குமாஸ்தாவாக இருக்கிறான். ஞாயிறு மத்தியானங்களில் அங்கே பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறான். இருபது பேரோடு ஆரம்பித்தது, ஆறு பேரில் வந்து நின்றது. இப்படியே போனால் வகுப்புக்கு விட்ட கொட்டகையைத் தோட்டத்துத் துரை திருப்பி எடுத்துக்கொள்வார். "நீ பள்ளிக்கூட வாத்தியார்தானே, நல்ல புஸ்தகமாப் பாத்துக் கொண்டுவாயேன்" என்று ஊருக்கு வந்தபோது கேட்டுக்கொண்டான். நானும் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இப்போது ரயில் ஓடுவதால் கோயமுத்தூரைச் சுற்ற வேண்டாம். பழனி வழியாகத் திண்டுக்கல். அங்கிருந்து கம்பத்துக்கு மோட்டார் பஸ், ஏறத்தாழ எழுபது மைல். புழுதி அதிகம், மூக்கைக் கட்டிக்கொள்ளத் துண்டு அவசியம். கம்பத்துச் சந்தையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப் புத்தகம் ஒன்றை ஓரணாவுக்கு வாங்கினேன். வகுப்புக்காக அல்ல, என் பொழுது போவதற்காக. மறுநாள் காலையில் கம்பமெட்டு ஏற்றம். நடைதான். உச்சியை நெருங்கும்போது வெயில் குறைந்து, ஏலக்காட்டின் ஈர வாசனை வந்துவிடும்.

ஞாயிறன்று வகுப்பில் பாடப் புத்தகத்தைக் கொடுத்தேன். மாடத்தி என்ற பெண், ஏலக்காய் பறிப்பவள், எழுத்துக் கூட்டி ஒரு வரியைப் படித்து முடித்து, புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"ஆடு புல்லு திங்கும்னு எனக்குத் தெரியாதா சாமி? இதுக்கா இம்புட்டுக் கஷ்டப்படுதேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பையில் கிடந்த சந்தைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இந்த அச்சுப்பிச்சுக் கதையெல்லாம் வேண்டாம்டா" என்று சேஷன் முணுமுணுத்தான்.

கதையில், கணவன் வீட்டார் விரட்டிவிட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு ஆற்றங்கரைக்கு வருகிறாள், ஆற்றில் வெள்ளம். மாடத்தி விரலை வைத்து வைத்துப் படித்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. அப்போது அவள் புருஷன் சுடலை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டான்.

"ஏளா, அடுப்புல பூனை தூங்குது. இங்க ஒனக்கு என்ன படிப்பு?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓ... ட... க்கா... ரனை... ஓடக்காரனைக் கூப்... பிட்டாள்" என்று படித்துக்கொண்டே போனாள். சுடலை கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படியில் குந்தினான். பக்கம் முடிந்ததும் மாடத்தி புத்தகத்தை மூடினாள்.

"பெறவு? ஓடக்காரன் வந்தானா?" என்றான் சுடலை.

"எனக்கென்ன தெரியும்? அடுத்த ஞாயித்துக்கிழமைதான் படிக்கணும்."

"நீயே வீட்ல வச்சுப் படியேன்."

"நீங்க வந்து எழுத்துப் படிங்க. பெறவு தெரியும்."

அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு முதலில் வந்தவன் சுடலைதான். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்திலிருந்து இன்னும் நான்கு ஆண்களை இழுத்து வந்திருந்தான். இப்போது பதினேழு பேர் வருகிறார்கள் என்று சேஷன் எழுதுகிறான்; கொட்டகை நிலைத்துவிட்டது. சேஷன் கதையைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்கும் ஓடக்காரன் வந்தானா என்று தெரிய வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். வயது வந்தவர்களுக்குத் தெரியாதது எழுத்து மட்டுமே. வாழ்க்கை நம்மைவிட அதிகம் தெரியும். ஆகவே எழுத்து பெரிதாகவும் சொல் எளிதாகவும் இருக்கட்டும்; விஷயம் சிறுபிள்ளைத்தனமாக இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் போகாதீர்கள், அட்டைப்பூச்சி கடிக்கும். தையில் போனால் கம்பளி வேண்டும். முக்கியமாக, ஒரே கதையில் இரண்டு பிரதிகளாவது எடுத்துப்போங்கள். நான் மலை இறங்கிய அன்று, கொட்டகை வாசலில் மாடத்தி ஒரு பக்கமும் சுடலை மறுபக்கமும் பிடித்து இழுத்ததில் அந்த ஓரணாப் புத்தகத்தின் அட்டை கிழிந்துகொண்டிருந்தது.