முதலில் தவறிய வரி

நிரல் உடைந்து திரையில் விழும் பிழைத் தடத்தை நிஷ்மியா கடைசி வரியிலிருந்துதான் வாசிப்பாள். சுட்டுவிரலை வைத்து வரி வரியாக மேலே ஏறுவாள். "இவன அனுப்பினது யாரு? அவன அனுப்பினது யாரு?" என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போவாள். பலாபத்வலயில் பெருந்தெருவை ஒட்டிய வீட்டின் முன்னறையில் அவளுடைய மேசை. லொறி போகும்போதெல்லாம் பிளேன்டீ கோப்பை தட்டில் நடுங்கும். விரல் மட்டும் வரியை விட்டு நகராது.

பல நாட்டுக்காரர் சேர்ந்து வளர்க்கும் ஒரு கணினி மொழியில், பிழைச் செய்திகளைச் சீர்செய்வது அவள் பங்கு. 'ஏதோ தவறு நேர்ந்தது' என்ற செய்தியைக் கண்டால் பொறுக்கமாட்டாள். "ஏதோன்னா என்னது? கண்டத சொல்லணுமே" என்பாள். எந்தக் கோப்பு, எந்த வரி, அங்கே என்ன வந்து இடறியது என்பதையெல்லாம் எழுதிய பிறகே எழுவாள். யாராவது பாராட்டி எழுதினால் கடிதத்தைப் பாதியிலேயே மூடிவிடுவாள். உம்மா கைறுன்னிஸா காரணம் கேட்டால், "அது எனக்கு உரியதில்ல உம்மா" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் மாத்தளையில் ஒரு சிறிய அலுவலகத்தில் அவளும் எல்கடுவ ஊரைச் சேர்ந்த ரொஹானும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். லக்கலப் பக்கம் யானை இறங்கினால் ஊராரின் தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் நிரலை எழுதும் வேலை. ஒரு மாலை யானைகள் வந்தன. எச்சரிக்கை ஒருவருக்கும் போகவில்லை. காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் நின்ற விவசாயி ஒருவரின் இடுப்பு முறிந்தது.

மறுநாள் மேலாளர் அறையில் எல்லார் முன்னும் பிழைத் தடத்தை விரித்தபோது அதில் இருந்தது ரொஹானின் பதினேழாம் வரி மட்டும். தொலைபேசி எண்களே இல்லாத வெறும் பட்டியல் வந்து அங்கே உடைந்திருந்தது.

"பட்டியல் எப்படி வெறுமையாச்சின்னு எனக்கு விளங்கல்ல சேர்" என்றான் அவன். யாரும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நிஷ்மியாவுக்கு விளங்கிவிட்டது. எண்களை வாசிக்கும் பகுதி அவளுடையது. புதிதாகச் சேர்த்த ஓர் எண்ணின் நடுவே தவறி ஓர் எழுத்து விழுந்திருந்தது. பிழை வந்தால் பேசாமல் வெறும் பட்டியலைக் கொடுத்துவிடு என்று அவசரத்தில் எழுதிவைத்தவள் அவள்தான். மொழியும் அந்த முதல் பிழையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியில் உடைந்த இடத்தை மட்டும் காட்டியிருந்தது. அவள் தன் வரியைச் சத்தமில்லாமல் திருத்தினாள். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மாத முடிவில் ரொஹான் வேலையை விட்டு த்ரீவீல் ஓட்டப் போய்விட்டான்.

மறைக்கப்பட்ட பிழையையும் தடத்தில் காட்டும் அவளுடைய திருத்தம் போன மாதம் மொழியில் சேர்ந்தது. அவள் முதலில் ஓட்டிப் பார்த்தது, அன்று உடைந்தபடியே எடுத்துவைத்திருந்த அந்தப் பழைய நிரலைத்தான். பதினேழாம் வரிக்கு மேலே புதிதாக ஒன்று வந்தது: அவள் பெயரிட்ட கோப்பு, முப்பத்திரண்டாம் வரி.

"எல்கடுவக்கிப் போயிட்டு வாறேன் உம்மா" என்று மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்டாண்டில் நின்ற ரொஹான் தன் த்ரீவீலில் சாய்ந்தபடி அவள் நீட்டிய திரையை இரண்டு முறை வாசித்தான்.

"அப்பவே தெரியுமா?"

"மூணாம் நாளே தெரியும்."

"அன்னைக்கி நீங்க வாயத் தொறந்திருந்தா போதும் நிஷ்மியா. இவ்வளவு பெரிய வேலையெல்லாம் தேவையில்ல."

முகம் எரிந்தது. பாதையோரப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சேருக்கும் அன்னைக்கி அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் எழுதப் போறேன். லக்கலக்கி அந்த விவசாயிகிட்ட நேர்லயே போறேன். மொத உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்" என்றாள்.

"எழுதுங்க."

"இங்க சிக்னல் இல்ல."

ரொஹான் பின்சீட்டைக் காட்டினான். அவள் ஏறியதும் வண்டியைத் தேயிலைச் சரிவு வழியாக மேலே ஓட்டி, சிக்னல் கிடைக்கும் வளைவில் நிறுத்தினான். அவள் மடியில் கணினியை விரித்து, 'அந்தப் பிழை என்னுடையது' என்று தொடங்கினாள். அடுத்த சொல் தெரியாதபடி கண்ணீர் மறைத்தது.

முன்னால் இருந்தவன் கையை நீட்டி, அவள் முகம் தெரிந்த கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவைத்தான்.