பள்ளத்தில் பிடித்த கேட்ச்

சித்தப்பா சொல்வதில் பாதியை நம்பலாம் என்பார் அப்பா. எந்தப் பாதி என்று அவர் சொன்னதில்லை. அம்மாவுக்கு அந்தப் பாதியிலும் நம்பிக்கை கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அருப்புக்கோட்டையில் நூற்பாலை வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் கிரிக்கெட். ஒருமுறை ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று அம்மாவின் எவர்சில்வர் குடத்தை எடுத்துப் போனார். அதன்மேல் யாரோ டிராக்டரை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் புதுக் குடம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, தன்னை மேன் ஆப் த மேட்சாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பரிசு என்றார். "மட்டையைத் தொடாத ஆளுக்கு மேன் ஆப் த மேட்ச்சா தம்பி? பழைய குடம் எங்க?" என்று அம்மா கேட்டதும், அப்போதுதான் வேலை ஞாபகம் வந்தவர்போல பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா சொன்னதும் உண்மைதான். சித்தப்பா மட்டை பிடித்தோ பந்து போட்டோ நான் அதிகம் பார்த்ததில்லை. திருச்சுழிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்பதைவிட நிற்காத மாதங்கள்தான் அதிகம். அந்த மாதங்களில் எங்கள் ஊர்க் கண்மாய்தான் மைதானம். அதன் ஒரு மூலையில் மண் அள்ளிய பள்ளம் ஒன்று, ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். சுற்றிலும் சீமைக்கருவேலம். பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் கரைதான் பவுண்டரி. முள்ளுக்குப் பயந்து அந்தப் பக்கம் நிற்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சித்தப்பாவை நிறுத்தினார்கள்.

"அது முக்கியமான இடம் தாயி. நம்பிக்கையான ஆளத்தான் அங்க நிப்பாட்டுவாக" என்பார் என்னிடம்.

அந்த நம்பிக்கையான ஆள் பள்ளத்துக்குள் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். ஊருக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடிய ஒரு சாயங்காலம், நான் பள்ளத்தை ஒட்டிய கரைமேல் நின்றுகொண்டிருந்தேன். பந்து பள்ளத்துத் தரையில் குத்தி எழும்பி அவர் கைக்கு வந்தது. அவரோ "பிடிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டு மேலே ஏறினார். கரையில் என்னைக் கண்டதும் ஒரு கண்ணை மூடித் திறந்தார். அன்றிலிருந்து பள்ளத்துக்குள்ளிருந்து வரும் எந்தக் கேட்சையும் நான் நம்புவதில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவுமில்லை. என்ன இருந்தாலும் என்னை பைக்கின் பெட்ரோல் டேங்கில் உட்கார வைத்து டவுனுக்குக் கூட்டிப்போகிற ஒரே ஆள் அவர்தான்.

அந்தக் கோடையில் சுற்றுவட்டார ஊர்களுக்கு நடந்த போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் அதுவரை கோப்பை வாங்கியதே இல்லை. எதிரணி பந்தல்குடி. கரை நிறைய ஜனம். கடைசிப் பந்துக்கு வந்து நின்றபோது அவர்களிடம் ஒரே விக்கெட்தான் பாக்கி, வெற்றிக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். அடித்தவன் ஓங்கி அடித்தான். பந்து மேலே போய், எல்லோரும் அண்ணாந்து பார்க்க, நேராகப் பள்ளத்துக்குள் இறங்கியது. ஓடியவர்கள் இரண்டு ஓட்டத்தையும் முடித்துவிட்டார்கள்.

கரையிலிருந்த ஜனமெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து, "பிடிச்சாச்சு!"

முள்ளை விலக்கிக்கொண்டு சித்தப்பா ஏறி வந்தார். கையில் பந்து, முழங்கையில் ரத்தம், சட்டை முழுக்கக் கரிசல் மண். எங்கள் ஆட்கள் குதித்தார்கள். பந்தல்குடிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிடித்திருந்தால் எங்களுக்குக் கோப்பை, தரையில் குத்தியிருந்தால் அவர்களுக்கு. முள்ளுக்குப் பயந்து பள்ளத்துப் பக்கக் கரையில் அன்றைக்கு யாரும் நிற்காததால், பார்த்தவர் ஒருவரும் இல்லை. அம்பயராக நின்றவர் பரளச்சியில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நானும் கூட்டத்துக்குள் புகுந்து பந்தைத்தான் பார்த்தேன். அதன் ஒரு பக்கம் மண் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து கண்மாயில் உருண்ட பந்தில் மண் ஒட்டாமல் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"அய்யனார் மேல சத்தியமாப் பிடிச்சேன்" என்றார் சித்தப்பா, யாரும் கேட்பதற்கு முன்பே.

"சாமி மேல எவனும் பண்ணுவான்" என்றான் பந்தல்குடி கேப்டன். அவன் கண் என்மேல் வந்து நின்றது. "இந்தா நிக்குதுல்ல, உங்க அண்ணன் மக. இது தலையில கை வச்சுச் சொல்லு. மறு பேச்சுப் பேசாமப் போயிர்றோம்."

சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "சின்னப் பிள்ளைய எதுக்குய்யா இழுக்குறீக?" என்றார்.

"ஏலே, பிடிச்சல்ல? பிறகென்ன, சொல்லிட்டு வா" என்று எங்கள் கேப்டனே அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இதைப்பற்றி விவரமாகச் சொல்லியிருந்தாள். பொய்ச் சத்தியம் பண்ணினால் பண்ணியவனுக்கு ஒன்றும் ஆகாதாம். தலைக்குச் சொந்தக்காரிதான் ராத்திரிக்குள் ரத்தம் கக்கிச் சாவாளாம். ஓடிவிடலாம் என்றால் சுற்றிலும் பெரியவர்களின் கால்கள். சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார். வியர்வை நாற்றம் அடித்தது. அவர் கை உயர்வதைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பிடிச்சேன். பந்து தரையில படல."

குரல் கேட்டது, கை வரவில்லை. என் தலையில் எதுவும் படவே இல்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரிய என் உச்சிக்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில், அவர் உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. தள்ளி நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. யாரோ செல்போனில் எடுத்த படம் அணிக்காரர்களின் வாட்ஸப்பில் இன்னும் சுற்றுகிறது. அதிலும் கை தலைமேல் இருப்பதுபோலத்தான் தெரிகிறது.

அம்பயர் விரலைத் தூக்கினார். மட்டை பிடிக்காத என் சித்தப்பாவை அன்றைக்கு ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போனது. நான் மட்டும் கைதட்டவில்லை. ரத்தம் வருகிறதா என்று அடிக்கடி எச்சிலைத் துப்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

எங்களுக்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றாள். கோப்பையைக் காட்டி வாயெடுத்த சித்தப்பாவை அவள் பேச விடவில்லை.

"எம்பிள்ளை தலையிலயா சத்தியம் பண்ணுன? ஒரு பித்தளைக் கப்புக்கு எம்பிள்ளை தலையா ஒனக்கு?" எப்போதும் 'நீங்க' என்று பேசுகிற அம்மா அன்றைக்கு 'நீ' என்றாள். "இனிமே இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கிடையாது. எங்கிட்டும் போயிரு."

"மதினி..." என்றார் சித்தப்பா. எதற்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருப்பவர், கோப்பையைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, நிறுத்தியிருந்த பைக்கில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். பிடித்தது உண்மையென்றால் தைரியமாகக் கையை வைத்திருக்க வேண்டியதுதானே? இதை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுப்படியில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, சித்தப்பா பொய் சொல்லிட்டாரும்மா. கை என் தலையில படவே இல்ல."

அம்மா திரும்பினாள். "என்ன சொன்ன?"

"படலம்மா. இம்புட்டு மேலயே நிப்பாட்டிக்கிட்டாரு." இரண்டு விரலைக் காட்டினேன்.

"நெசமாவா? கொஞ்சங்கூடப் படலையா?"

"முடிகூட அசையல."

என் தலையை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரிப்பதுபோல் இருந்தது. "பொய்க்காரப் பய" என்றாள் மெதுவாக. "அம்புட்டுப் பயமாச்சும் இருக்கே."

பிறகு எழுந்து முட்டையை உடைத்துப் பொரித்தாள். வீட்டில் இருந்தது ஒரே முட்டை. காலையிலேயே எனக்கென்று சொல்லி வைத்தது. தட்டில் சோற்றைப் போட்டு அதன்மேல் முட்டையை வைத்து, வாசல் பக்கம் பார்த்து, "தம்பி, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. துப்புக் கண்டுபிடித்துச் சொன்னது நான், முட்டை அவருக்கு. அம்மாவும் இந்தப் பித்தலாட்டத்தில் கூட்டுதான் என்று முடிவு கட்டினேன். சித்தப்பாவுக்கு அப்படி எதைக் கண்டு பயம் என்பதுதான் பிடிபடவில்லை. அம்பயரைக் கண்டா, பந்தல்குடிக்காரர்களைக் கண்டா? முட்டையில்லாத சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.